தாய் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு: கருவுற்ற நாள் முதல் குழந்தையின் மூன்று வயது வரை குடும்பத்தின் மனநலம்

பவானிக்கரைச் செவிலி (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். ஒரு பெண் கருவுற்றதும் பதிவு செய்து, அதற்கான பிக்மி எண் வாங்குகிறோம். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் என்று ஒவ்வொன்றையும் பார்த்து அட்டையில் எழுதுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் எந்தெந்தத் தவணையில் வரும் என்பது வரை வீட்டாருக்கு மனப்பாடம். ஆனால், "இந்த வாரம் மனசு எப்படி இருந்தது கண்ணு?" என்று கேட்பது யாருடைய வேலை என்பது மட்டும் இன்று வரை எந்த வீட்டிலும் தெளிவாக இல்லை.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு ஆக்கி, சீரோடு அழைத்துப் போகிறார்கள். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனதும் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அமுச்சியும் (அம்மாவின் அம்மா) சித்தியும் பெரியம்மாவும் சூழ்ந்திருக்கும் அந்த முதல் மாதங்களில், வேறு குறை எது இருந்தாலும், பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது. திரும்பி வந்த பிறகு மாமியார் தோட்டத்துக்கோ மில்லுக்கோ போகிறார், கணவர் வேலைக்குப் போகிறார், பகல் முழுவதும் வீட்டில் பெண்ணும் குழந்தையும் மட்டும்தான். என் பணிக்காலத்தில் நான் கண்ட மனச்சோர்வுகளில் பல, பிரசவத்தை ஒட்டித் தொடங்கியிருந்தாலும் இந்தத் திரும்பிய மாதங்களில்தான் முற்றின. அதே நேரத்தில் எங்கள் கண்ணிலிருந்தும் அவர்கள் விலகிவிடுகிறார்கள். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்கு வந்த தாய், அடுத்து 9ஆம் மாதத்தில்தான் துணை சுகாதார நிலையத்தின் படியேறுவாள். நடுவிலுள்ள அந்த ஐந்தரை மாதத்துக்கும் மேலான இடைவெளியை யார் எப்படி நிரப்புவது என்பதே என் கேள்வி. அறிவுரையாக இல்லாமல், உங்கள் வீட்டில் எது உதவியது என்று எழுதினால் பிறருக்குப் பயன்படும்.

நொய்யல்வாசி (திருப்பூர்):

செவிலி அம்மாவுக்கு வணக்கம். அவிநாசிக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவன் நான். ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஆனதும் என் மனைவி தாய் வீட்டிலிருந்து இங்கே வந்தாள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது, ஆனால் ஓர் ஐயம். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் அழுவதில்லை. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவில் விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறாள். சென்ற வாரம் அரிவாள்மனையைப் பரண்மேல் எடுத்து வைக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "என் கையாலயே ஏதாச்சும் ஆயிருமோன்னு நெனப்பு வருதுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே பயந்துபோய் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கண்ணு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார் என் அம்மா. இதுவும் நீங்கள் சொல்வதில் சேருமா? யாரிடம் போக வேண்டும்?

மனநல மருத்துவர் (கோயமுத்தூர்):

தம்பி, ஒருவரை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைதான். இந்த வாரமே காட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மனம் தடுமாறுவது மூன்று விதமாக நிகழ்கிறது. மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவதும் மனம் ஊசலாடுவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடிக்கிற சோர்வு, எரிச்சல், ஓயாத பதற்றம், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமை, "நான் ஒரு நல்ல தாயில்லை" என்ற எண்ணம் ஆகியவை இரண்டாம் வகை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறத்தாழ 22 விழுக்காட்டுத் தாய்மாருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. அழுகை இல்லாமல், கோபமாகவும் அச்சமாகவும் மட்டுமே அது வெளிப்படுவதை நாள்தோறும் பார்க்கிறோம்.

மூன்றாவதைத்தான் நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்கள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சடுதியில் தொடங்கும். நாள்கணக்கில் தூங்காமல் இருந்தும் களைப்பில்லை என்பார், தொடர்பில்லாமல் பேசுவார், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பார், யாரோ ஆணையிடுவதுபோல் குரல் கேட்கிறது என்பார். அப்படியானால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். முன்பே இருதுருவக் கோளாறு (பைபோலார்) இருந்தவர்களுக்கு இதற்கான வாய்ப்பு மிகவும் அதிகம் என்பதால், கருவுறும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கோளாறுக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள் கருவுக்குத் தீங்கு செய்யும். அதற்காகத் தாமாகவே எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்தே.

உங்கள் மனைவி அஞ்சுவது வேறு. வேண்டாத எண்ணம் ஒன்று வலிய வந்து நிற்க, அதைக் கண்டு அவரே நடுங்கி, அரிவாள்மனையை விலக்குகிறார், படியை விலக்குகிறார். இவ்வகை எண்ணங்கள் புதிய தாய்மாருக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாக வருகின்றன. அவற்றுக்கு அஞ்சி ஒதுங்கும் தாய் பெரும்பாலும் தீங்கு செய்பவர் அல்லர். எனினும், இது எந்த வகை என்று பிரித்தறிவது நேரில் செய்ய வேண்டிய வேலை. "அப்படி நினைக்கலாமா?" என்று கடிந்துவிடாதீர்கள், கடிந்தால் அடுத்த முறை உங்களிடமும் மறைத்துவிடுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள்களைப் பற்றியவை. தமிழிலும் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். பத்தாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது என்பதால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த விடையைத் தனியே பார்க்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரும். பால் கொடுப்பதால் மருந்தே கூடாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கிறது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறையிலும் மனநலப் பிரிவு உண்டு. உடனே பேச வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலிமானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை.

காங்கேயத்து ஆத்தா:

மருத்துவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பேரன் பேத்தி எடுத்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் காலத்தில் ஆளாளுக்கு நாலைந்து பெற்றோம். மனசுக்கு வைத்தியம் என்று ஒருவரும் போகவில்லை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் விட மாட்டார்கள். செலவு ரசமும் பூண்டும் நாட்டுக்கோழிச் சாறும் அவள் இருக்கும் இடத்துக்கு வரும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட ஒரு கை, புகை போட ஒரு கை, தொட்டிலாட்ட ஒரு கை என்று இருந்தது. இன்று இதெல்லாம் ஒருத்தி தலையில் விழுகிறது. விழுந்த பிறகு அவளுக்கு மனநோய் என்கிறோம். நோய் அவளிடம் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா?

இன்னொன்று. இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் மாமியாரையே குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். அந்த மாமியாருக்கும் ஐம்பது வயது. விடிந்தால் பால் கறக்க வேண்டும், எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும், முட்டிவலி வேறு. அவளிடம் "நீங்க எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டவர் யார்? குடும்பத்தின் மனநலம் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். அவளும் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதானே.

பவானிக்கரைச் செவிலி:

அக்கா, கைகள் குறைந்துவிட்டன என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மாமியாரைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே ஏற்கிறேன். ஆனால், "எங்கள் காலத்தில் ஒருவரும் போகவில்லை" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. போகவில்லை என்பது உண்மை. வரவில்லை என்பது உண்மையில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கிணற்றில் விழுந்தவள் என்று நம் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கதை இருக்கிறது. வயிற்றுவலி தாங்காமல் விழுந்தாள் என்று எழுதி முடித்தார்கள். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் கூச்சலிட்டவளைக் கட்டிப்போட்டுப் பேயோட்டியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூட்டுக் குடும்பம் பலரைக் காத்தது. காக்க முடியாமல் போனவர்களைப் பற்றிப் பேசுவதற்கு அப்போது ஓர் இடம் இல்லை.

நொய்யல்வாசித் தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன், இன்றிரவே தொடங்கலாம். தாய்க்குத் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி இரவைப் பிரியுங்கள். ஒன்பதரைக்குப் பாலூட்டியதும் அவர் வேறு அறையில் படுக்கட்டும். குழந்தை உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். நடுவில் சிணுங்கினால் நீங்கள் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். பசி என்றால் மட்டும் பிழிந்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அவர் முறை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த வாரங்களுக்கு மட்டும் அவருடைய அம்மாவை வரவழையுங்கள். தூக்கம் போனால் மனம் எப்படியும் போகும். இதற்கு மாற்று கிடையாது.

பல்லடம் ஆசிரியை:

நான் இதைக் கடந்து வந்தவள் என்பதால் எழுதுகிறேன். இரண்டாவதும் பெண் குழந்தை. அறுவைசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, பிரசவ வார்டிலேயே உறவினர் ஒருவர் என் காதுபடச் சொன்னது: "இதுவும் புள்ளையாப் போச்சே." பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் பால் போதுமா, பால் போதுமா என்றே கேட்டார்கள். மூன்றாம் மாதத்தில், குழந்தை அழுதால் எழுந்து போகக் கால் வராமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். பாசம் இல்லாமல் இல்லை, உடம்பு அசையவில்லை. இதைச் சொன்னால் "எல்லோரும்தான் பெற்றார்கள்" என்ற விடைதான் வரும் என்று தெரிந்ததால் சொல்லவும் இல்லை.

9ஆம் மாதத் தடுப்பூசிக்குப் போன புதன்கிழமை அன்று, ஊசி போட்டு முடித்த செவிலியர் அட்டையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "கொழந்தை எடை நல்லா இருக்குது. நீ தூங்கறயா அம்மணி?" என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு அங்கேயே உடைந்துவிட்டது. அவரே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் போலப் பிடித்தது. அதற்குச் சமமாக உதவியது என் மாமனார் செய்த ஒரு காரியம். மாலை நான்கு மணியானால் எதுவும் கேட்காமல் இரண்டு குழந்தைகளையும் தென்னந்தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இருட்டும்வரை திரும்ப மாட்டார். அந்த நேரத்தில் வீட்டு வேலை எதையும் செய்யக் கூடாது என்று மாமியாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

மனநல மருத்துவர்:

ஆசிரியை அவர்கள் எழுதியதற்கும் ஆத்தா கேட்டதற்கும் நேரடித் தொடர்புடைய ஆய்வு ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள் 11 விழுக்காடு. அதற்கு வழிகோலியவையாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள உறவுச் சிக்கல், கர்ப்பக் காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைகொடுக்க ஆளில்லாமை. ஆத்தா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: பெரும்பங்கு வீட்டில் இருக்கிறது, ஆனால் வலிப்பது அவளுக்கு. ஆகவே வைத்தியம் இரண்டு இடத்திலும் வேண்டும்.

செவிலி அம்மாவின் இடைவெளிக் கேள்விக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில், பட்டம் பெற்ற மனநலப் பணியாளர் ஒருவருமின்றி, கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சி தந்து, கர்ப்பக் காலத்திலேயே மனச்சோர்வு இருந்த பெண்களிடம், கடைசி மாதம் தொடங்கி வீடு தேடிப் போய்ப் பேசவைத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அவ்வாறு பேசப்பட்ட தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கும், வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு இருந்தது. அந்த முறையை உலக சுகாதார நிறுவனமே பின்னர்க் கையேடாக வெளியிட்டது. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடியும் இவ்வளவு அடர்த்தியாக உள்ள நம் மாநிலத்தில் இதைச் செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை.

தந்தையரையும் விட்டுவிடக் கூடாது. பத்தில் ஒரு தந்தைக்கு இதே காலத்தில் மனச்சோர்வு வருகிறது. மனைவிக்கு இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். கடன், குடி, வீட்டுக்கு வராமல் வேலையிலேயே தங்கிவிடுவது என்று அது வேறு உருவில் வெளிப்படும்.

வேலம்பாளையம் அங்கன்வாடிப் பணியாளர்:

நான் சுருக்கமாக ஒன்று மட்டும் சொல்கிறேன். தாய் வீட்டுக்குப் போய் வருபவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் பகுதி லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள், பத்தடிக்குப் பத்தடி அறையில், தமிழ் தெரியாமல், தாயும் இல்லாமல் மாமியாரும் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறார்கள். கணவர் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். டெலிமானஸில் இந்தியிலும் பேசலாம் என்பதால் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த விதி. இந்த இழையைப் படிக்கும் பனியன் கம்பெனி முதலாளிகள் யாரேனும் இருந்தால், தங்கள் காப்பக அறையில் நூல் மூட்டைகள் இருக்கின்றனவா, தொட்டில்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பல்லடம் ஆசிரியை:

மருத்துவரிடம் ஓர் ஐயம். அந்த ஒன்பது மாதங்களில் நான் குழந்தையோடு சரியாகப் பேசவில்லை, சிரிக்கவில்லை. இப்போது அவளுக்கு இரண்டரை வயது. வார்த்தைகள் குறைவாகப் பேசுவதுபோல் தோன்றுகிறது. அதனால்தானோ என்று உள்ளூர அரித்துக்கொண்டே இருக்கிறது.

மனநல மருத்துவர்:

முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். தாயின் முகம் சிறிது நேரம் அசைவற்றிருந்தாலே கைக்குழந்தை அதை உணர்ந்து கலங்கும் என்பதை எட்வர்ட் டிரானிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் காட்டினார். ஆனால் அதே சோதனையில், தாய் மீண்டும் முகம் கொடுத்ததும் குழந்தை திரும்பி வந்து சேர்ந்துகொள்வதையும் பார்க்க முடிந்தது. இயல்பான தாயும் குழந்தையும் கூட ஒருவரையொருவர் அடிக்கடி தவறவிட்டு, மீண்டும் பிடித்துக்கொண்டேதான் உறவு வளர்கிறது. உங்கள் மாமனார் மாலைதோறும் தோப்பில் காக்கையையும் அணிலையும் காட்டிப் பேசியிருப்பாரே; அதுவும் கணக்கில் சேரும். குழந்தைக்குத் தேவை, தான் ஒரு ஓசை எழுப்பினால் திருப்பி ஓசை தரும் ஆள். அது தாயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கைபேசியாக மட்டும் இருக்க முடியாது.

பேச்சு தாமதத்துக்குக் காரணம் பல உண்டு. இரண்டரை வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும்; அது இல்லையென்றால் காத்திருக்காமல், முதலில் காது கேட்புத் திறனைப் பார்த்துவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். சேவை இலவசம். அங்கே போகும்போது "என்னால்தான்" என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வேறொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் பலர் வருவதே இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை, உள்ளே சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் தனிப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. கொங்கு நாட்டிலிருந்து அங்கே சென்று குணமடைந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இங்கேயே அப்படி ஒரு பிரிவு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நொய்யல்வாசி:

அனைவருக்கும் நன்றி. பெருந்துறைக்குப் போய் வந்தோம். மருத்துவர் முதலில் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியே பேசினார். பிறகு என்னை அழைத்து விளக்கினார். பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கின்றன என்றும், அந்த எண்ணங்கள் அதன் பகுதியே என்றும் சொல்லிக் குறைந்த அளவில் மாத்திரை எழுதினார். ஹீமோகுளோபின் 9தான் இருந்தது. அதற்கும் மருந்து தந்திருக்கிறார். இரவைப் பிரித்துக்கொண்டோம். அம்மா கயிறும் கட்டினார். மருத்துவரிடம் கேட்டதற்கு, மாத்திரையை நிறுத்தாத வரை கயிறு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: இதை என் மாமனார் மாமியாரிடம் சொல்லலாமா? "பெண்ணுக்கு மனநிலை சரியில்லை" என்று ஊருக்குள் பரவிவிடுமோ என்று என் மனைவி அஞ்சுகிறாள்.

பவானிக்கரைச் செவிலி:

தம்பி, யாரிடம் சொல்வது என்பதை அம்மணியே முடிவு செய்யட்டும். அவருடைய அம்மா ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து. ஷிப்மென்ட் வாரங்களில் வந்து தங்க வேண்டியவர் அவர்தான். "பிரசவத்துக்குப் பின் இரத்தமும் குறைந்து, தூக்கமும் போய்ச் சோர்வு வந்திருக்கிறது, மருந்து எடுக்கிறாள், ஆள் துணை வேண்டும்" என்று சொன்னால் போதும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவருக்குச் சொல்லும்போது, பார்க்க வருபவர்களிடம் பால் கணக்கும் எடைக் கணக்கும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மனம் தெளிந்துவிட்டது என்று தோன்றினாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். ஹீமோகுளோபினை ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 9ஆம் மாத ஊசிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் புதன்கிழமை அன்று நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரை அங்குள்ள செவிலியரிடம் சொல்லுங்கள்.